மூச்சு வாங்கிய கார்

லா சப்பலில் கார் வைத்திருக்கும் தமிழருக்கெல்லாம் இராயப்பு அண்ணையைத் தெரியும். மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பின்னால், ஒரு முற்றத்துக்குள் இருக்கும் ழான்-லூக்கின் கராஜில் வேலை செய்கிறார். மன்னார்க்காரர். கோபக்காரர் என்று ஊர் சொல்லும்; அது பொய். பொறுமை இல்லாதவர், அவ்வளவுதான். என் கடைக்கு வந்தால் நான் வெங்காயம் நிறுக்கும்வரை நிற்கமாட்டார். தானே தராசில் போட்டு, தானே பையில் கட்டிக்கொண்டு, காசை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஞாயிறு பூசையில் சாமியார் கடைசி ஆசீர்வாதம் கொடுக்கும்போது இவர் வாசலில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார் என்று மனைவி பிலோமினா குறைப்படுவாள். இப்படிப்பட்ட மனுஷனுக்குக் கைராசி எதில் வாய்த்தது தெரியுமா? நின்றுகொண்டிருக்கும் காரின் எஞ்சினைச் சீராக ஓடவைப்பதில்.

பிரெஞ்சுக்காரர் இதை றலாந்தி என்பார்கள். சிவப்பு விளக்கில் கார் நிற்கிறது. கால் பெடலில் இல்லை. ஆனாலும் எஞ்சின் அணையவும் கூடாது, உறுமவும் கூடாது, ஒரே தாளத்தில் ஓட வேண்டும். அது பிசகிவிட்ட கார்களை எங்கள் ஆட்கள் இராயப்புவிடம்தான் கொண்டுபோவார்கள். அவருக்குப் பெயரே றலாந்தி இராயப்பு என்றாகிவிட்டது. ஆனால் டர்போ கார் என்றால் மட்டும் தொடமாட்டார். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். ஏன் என்று விடாமல் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பலர். எனக்குக் காரணம் தெரியும். அது எண்பத்தேழாம் ஆண்டு, என் கடைக்குக் கீழேயே நடந்தது.

கடைக்குப் பக்கத்தில் நிலத்தடிக் கார்த் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவுப் பாதை. கீழே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் இரும்பு ஷட்டர். பொக்ஸ் என்று சொல்வோம். அதில் ஒன்றை ழான்-லூக் வாடகைக்கு வைத்திருந்தார். அங்கேதான் கடும் சாம்பல் நிற டர்போ கார் ஒன்றை இராயப்பு நிறுத்துவார். யாரோ ஒரு வாடிக்கையாளர் திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை. ஓடாமல் கிடந்தால் கெட்டுப்போகும், நீயே ஓட்டு என்று ழான்-லூக் சாவியை இவரிடம் கொடுத்திருந்தார். திரும்பி வராதவனுடைய கார் எதற்கு என்று நான் சொல்லிப் பார்த்தேன். நீ கடலைப் பருப்பைப் பார் என்றார்.

டர்போவில் மந்திரம் ஒன்றும் இல்லையாம். எஞ்சின் விடும் சூட்டுப் புகை போகும் வழியில் ஒரு சின்னச் சக்கரம். புகை அதைச் சுற்ற, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட எரியும், கார் பறக்கும். பறந்து வந்து நிற்கும்போது அந்தச் சக்கரம் பழுக்கக் காய்ந்திருக்கும். அதன் அச்சு எண்ணெயில் மிதந்துதான் சுற்றுகிறது. உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, அங்கே கிடக்கும் எண்ணெய் தாச்சியில் விட்டதுபோலக் கருகிப்போகும். அதனால் டர்போ வைத்திருப்பவன் வந்து நின்ற பிறகும் இரண்டு மூன்று நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுத்தான் சாவியைத் திருக வேண்டும்.

மூன்று நிமிஷம் சும்மா இருக்க இராயப்புவால் முடியுமா? அந்த வேலை பிலோமினாவிடம் போனது. அவள் நகருக்கு வெளியே பொண்டி என்னும் இடத்தில் ஒரு கொம்பனிக் கந்தோரைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்தாள். பின்னேரங்களில் இவர் போய் ஏற்றிக்கொண்டு ஒட்டோறூட் என்னும் பெருந்தெருவில் பறந்து வருவார். பொக்ஸுக்குள் காரை விட்டதும் இறங்கி, மேல்மாடி வீட்டுக்குப் படியேறிவிடுவார். அவள் உள்ளேயே இருந்து, நேரம் பார்த்து அணைக்க வேண்டும். பிலோமினாவிடம் கைக்கடிகாரம் இல்லை, செபமாலை இருந்தது. மாலையின் பத்து மணிகளை உருட்டி ஒரு பத்துச் செபம் சொன்னால் ஏறக்குறைய அந்த நேரம்தான். இராயப்புவுக்கு அது நல்ல ஏற்பாடாகப் பட்டது. எஞ்சினும் ஆறும், வீட்டுக்குப் புண்ணியமும் சேரும் என்று பகிடியாகச் சொல்வார்.

யாருக்காக என்று செபத்துக்கு ஒரு கருத்து வைக்க வேண்டும் அல்லவா? பிலோமினாவின் கருத்து எப்போதும் ஒன்றுதான். அவளுடைய ஒரே தம்பி யோன். எண்பத்தைந்தில் மன்னாரில் பஸ் ஏறியவன், எங்கே இறங்கினான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்பதும் தெரியாது. அழுவதற்கு வழியில்லை, பூசை கொடுக்கவும் வழியில்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு வருத்தம். தாய் இல்லாத பிள்ளைகள். அவன் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு இவள்தான் விழித்திருப்பாளாம். அந்த மூச்சு ஏறும், இறங்கும், நின்றுவிட்டதோ என்று இவள் பதறும்போது மறுபடி ஏறும்.

குளிர் குறையாத ஒரு மாதத்தில் பிலோமினா என் மனைவி யோகராணியிடம் ஒன்று சொன்னாள். அந்தக் கார் யோனைப்போல மூச்சு வாங்குகிறது என்றாள்.

நானும் கேட்டேன். சரிவுப் பாதையால் சத்தம் மேலே வரும். எஞ்சின் மெல்ல ஏறும், இறங்கும், இன்னும் இறங்கும், இதோ அணையப்போகிறது என்னும் இடத்தில் ஒரு நடுக்கத்தோடு பிடித்துக்கொண்டு திரும்ப ஏறும். அதோடு ஒரு மெல்லிய இழுவைச் சத்தம். யாருமே பெடலை மிதிக்கவில்லை. கடையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த நான் அது இறங்கும்போதெல்லாம் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கெதியில் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு பத்து, இரண்டு பத்தானது. பிறகு முழுச் செபமாலையும் அங்கேயே சொல்லத் தொடங்கினாள். இராயப்பு மேலே போய்த் தேத்தண்ணி வைத்து, குளித்து, தொலைக்காட்சி போட்டுவிடுவார். அவள் எப்போது வருகிறாள் என்று கவனிக்கமாட்டார். வரும்போது தலையிடி என்பாள். சில நாள் சத்தி எடுப்பாள். முகம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகச் சிவந்து செழித்திருக்கும். எங்கள் பெண்கள் வேறு என்ன நினைப்பார்கள்? கலியாணம் முடித்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு மாதா கண் திறந்துவிட்டாள் என்று யோகராணி எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று அனுப்பினாள். அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும்போதுதான் பிலோமினா மெதுவாகச் சொன்னாள்: யோன் இப்போது கதைக்கவும் தொடங்கிவிட்டான்.

யோகராணி அன்று பயத்தில் என்னைத் தனியாக வீட்டுக்குப் போக விடவில்லை. நான் விபூதி பூசிக்கொண்டு இராயப்புவிடம் போனேன். உங்கள் காரில் ஏதோ இருக்கிறது, அவளை அதில் தனியே விடாதீர்கள் என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, எப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். நான் வாயால் செய்து காட்டினேன். அதைக் கேட்டதும் அவருடைய முகம் வைத்தியர் முகமாகிவிட்டது. காரை ஓட்டிவந்து பறந்துபோகிற மனுஷன், அது சும்மா நிற்கும் சத்தத்தை ஒருநாளும் நின்று கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் இருவரும் கீழே போனோம். ஷட்டரை முழுதாக உயர்த்திவிட்டு அவர் எஞ்சினை ஓடவிட்டார். நான் டோர்ச் பிடித்தேன். எஞ்சின் ஏறி இறங்கியது. அவர் கைவைத்துக் கைவைத்துக் காட்டினார். காலை எடுத்ததும் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் பெரிய கதவு மூடிவிடும். அப்போது அது மூச்சு முட்டிச் சாகாமல் இருக்கப் பக்கத்தால் ஒரு சின்னக் குழாய். அந்தக் குழாயின் நடுவில் ஒரு அடைப்பான். எஞ்சினின் வேகத்தையும் சூட்டையும் பார்த்து, ஒரு மின்பெட்டி அந்த அடைப்பானைத் திறந்து மூடி, திறந்து மூடி, வேண்டிய அளவு காற்றை மட்டும் விடும். வேகம் இறங்கினால் கொஞ்சம் திற, ஏறினால் கொஞ்சம் மூடு. டர்போவில் இன்னும் ஒரு சிக்கல்: சும்மா நிற்கும்போது எஞ்சின் அந்தக் குழாயால் உறிஞ்சும், டர்போ ஊதும்போது அதே குழாய் மற்றப் பக்கத்திலிருந்து அமுக்கம் வாங்கும். உறிஞ்சலுக்கும் ஊதலுக்கும் இடையில் கிடந்து அடிபடும் குழாயில் வெடிப்பு வந்தால் இப்படித்தான் ஏறி இறங்கும் என்றார்.

வெடிப்பு இல்லை. குழாய்களை மாற்றியும் மூச்சு வாங்கல் நிற்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று வரும் பக்கத்துக் குழாயைக் கழற்றினார். நான் டோர்ச்சைத் தற்செயலாகக் கீழே தாழ்த்தினேன். அந்த இருட்டில், அணைந்த காரின் குழாய்க்குள் ஒரு சிவப்புக் கண் தானாகத் திறந்து, எங்களைப் பார்த்து, மூடிக்கொண்டது. நான் பின்னால் போய்ச் சுவரில் மோதினேன். இராயப்பு அசையவில்லை. உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது, ஒவ்வொரு முறை அணைத்த பிறகும் தன்மேல் உள்ள அழுக்கை எரிக்க ஒரு கணம் பழுக்கும், பயப்படாதே என்றார். ஆனால் அவருடைய குரலும் சரியாக இல்லை. கம்பியில் எரிந்துபோகாத ஏதோ ஒன்று படிந்திருந்தது. விரலில் தொட்டுப் பார்த்தார். மண்.

காற்று வடிகட்டும் பெட்டியைத் திறந்தார். வடிகட்டிக்கு அந்தப் பக்கம், எஞ்சின் மூச்சை இழுக்கும் வாயருகே, ஒரு சின்னத் துணி முடிச்சு. துணி இற்று, பாதி மண் போய்விட்டிருந்தது. இராயப்பு அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அது மடு மாதா கோவில் மண். மன்னார் ஆட்கள் தூரப் பயணம் போகிறவர்களுக்கு முடிந்து கொடுப்பார்கள். விஷம் அண்டாது என்பது நம்பிக்கை. பிலோமினா ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று யோன் கொடுத்த முடிச்சு. கண்ணாடியில் ஒன்றும் தொங்கவிடக் கூடாது என்று இவர் சத்தம் போட்டதால், கார் மூச்சு எடுக்கும் இடம் எது என்று இவர் ஒருமுறை காட்டியதை நினைவு வைத்து அங்கே ஒளித்திருக்கிறாள்.

மண் அடைப்பானுக்குள் போய் அதைச் சிக்கவைத்துவிட்டது. கம்பியில் படிந்த மண், வராத காற்றை வந்ததாகப் பொய் சொல்ல, மின்பெட்டி அதை நம்பிப் பெற்றோலைக் கூட ஊற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் சங்கதி. கம்பியைத் துடைத்து, கராஜில் கிடந்த வேறொரு அடைப்பானைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டார். தாலாட்டில் தூங்கும் பிள்ளைபோல ஒரே சீராக ஓடியது. நான் சந்தோஷமாக மேலே வந்து யோகராணிக்குச் சொன்னேன்: பேயுமில்லை, பிசாசுமில்லை, மண்.

அன்று பின்னேரம் பிலோமினா வழக்கம்போலக் கீழே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். என் கடை வாசலில் நின்ற புருஷனைப் பார்த்து, எல்லோர் முன்னிலும் சொன்னாள்.

"மூச்சு விட்டுக்கொண்டிருந்த பிள்ளையை நிப்பாட்டிப்போட்டியள்."

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை, வேலைக்குப் போகவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இராயப்பு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். மண், கம்பி, அடைப்பான். அவள் கேட்டுவிட்டு, மண் கொடுத்தது யார் என்று மட்டும் திருப்பிக் கேட்டாள். அவர் பயந்துபோனார். மனைவியையும் இழந்துவிடப்போகிறேன் என்று என்னிடம் வந்து அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒருமுறைதான். வெள்ளிக்கிழமை கராஜிலிருந்து பழைய அடைப்பானை எடுத்துவந்து, கழுவாமல் திரும்பப் பூட்டினார். முடிச்சையும் இருந்த இடத்திலேயே வைத்தார். ஊரில் உள்ள றலாந்தியெல்லாம் நேராக்கிய மனுஷன் தன் கையால் ஒன்றைக் கெடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். இந்த முறை தானும் பக்கத்தில் இருந்தார். ஒட்டோறூட்டில் ஒரு சுற்று ஓடிவந்திருந்ததால் எஞ்சின் சூடாக இருந்தது. அது ஏறி இறங்கத் தொடங்கியதும் பிலோமினாவின் முகத்தில் உயிர் வந்ததாம். அவள் இறங்கிப் போய் ஷட்டரை இழுத்து மூடினாள். அவர் திடுக்கிட்டு, எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். திறந்திருந்தால் றோட்டுச் சத்தத்தில் அவன் சொல்வது கேட்காது என்றாள். மூடிய அறைக்குள் எஞ்சின் ஓடக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? ஒரு பத்து முடியட்டும், திறந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு உடனே எழும்ப மனம் வரவில்லையாம்.

அவள் சொல்லச் சொல்ல இவரும் பதில் சொன்னார். அருள் நிறைந்த மரியே. எஞ்சின் ஏறியது, இறங்கியது. அவள் மணிகளுக்கு நடுவில் யாரிடமோ ஏதோ முணுமுணுத்தாள். பத்து முடிந்ததா, அடுத்தது தொடங்கியதா, அவருக்கு நினைவில்லை. கண்ணை மூடினால் சுகமாக இருந்ததாம். வாழ்க்கையில் முதன்முறையாக எங்கேயும் போக அவசரம் இல்லாமல் இருந்ததாம். அப்போது ஷட்டருக்கு வெளியே இருந்து, இழுப்போடு, தெளிவாகக் கேட்டது.

"அத்தான், கதவைத் திறவுங்கோ."

யோன்தான். அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மச்சான் வந்து வெளியே நிற்கிறான், கதவைத் திறக்க வேண்டும். கால் வழங்கவில்லை, தவழ்ந்து போய், இரண்டு கையாலும் ஷட்டரைத் தூக்கினார். வெளியே யாரும் இல்லை. மேலே போய்விட்டான் என்று நினைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சரிவால் ஏறி வந்தார்.

நான் கடை வாசலில் வெண்டிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் நடைபாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது, சட்டையில் சத்தி. என்னைக் கண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தம்பி, யோன் இப்ப இதாலை போனவன். கண்டனியோ?"

எந்த யோன் என்று கேட்டேன். பிலோமினாவின் தம்பி என்றார். பிலோமினா எங்கே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். குளிர்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது; அவருடைய கண்ணில் மெல்ல மெல்ல அறிவு திரும்புவதை நான் பார்த்தேன். பிறகு இருவரும் ஓடினோம். அவள் சீட்டில் சாய்ந்து, உதடு செம்பருத்திபோலச் சிவந்து, சிரித்த முகத்தோடு கிடந்தாள். கார் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாவியைத் திருகியது நான்தான். தூக்கி மேலே கொண்டுவந்து நடைபாதையில் கிடத்தினோம். தீயணைப்புக்காரர் வந்து வாயில் ஒக்சிஜன் வைத்து ஏற்றிப் போனார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரையும் பிணமாகத்தான் தூக்கியிருப்போம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார்.

அவள் அடுத்த நாள்தான் கண் திறந்தாள். நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இராயப்பு கட்டிலருகே கதிரையில் இருந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். கார்ப் புகையில் ஒரு காஸ் இருக்கிறது, மணம் கிடையாது, அது தலைக்கு ஏறினால் இல்லாத குரலெல்லாம் கேட்கும், டொக்டரும் அதைத்தான் சொல்கிறார், நீ கேட்டது யோன் இல்லை, நான் கேட்டதும் யோன் இல்லை. அவள் ஒக்சிஜன் முகமூடியை விலக்கினாள்.

"தெரியும். இறங்கிற வழியிலை சுவரிலை படம் போட்டிருக்குதே, கார்ப் புகையும் பக்கத்திலை விழுந்து கிடக்கிற மனுஷனும். எனக்கு அவங்கட எழுத்துத்தான் தெரியாது, படம் தெரியும்."

அவள் அவரை விடாமல் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன சொன்னவன்?"

"கதவைத் திறக்கச் சொன்னவன்."

அவள் யோசித்தாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணைக்குள் போனது. துடைக்கவில்லை.

"எனக்கு ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை. வா அக்கா, வா அக்கா எண்டுதான் கூப்பிடுவான். நான் பிறகு வாறன், பிறகு வாறன் எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு இருந்தனான். நேற்றுத்தான் ஓம் எண்டு சொன்னனான்."